வெர்னாட்ஸாவில் மூன்று இரவுகள்

எங்கள் பெட்டி நின்ற இடம் ஒரே இருட்டு. ஜன்னலுக்கு வெளியே கைக்கெட்டும் தூரத்தில் பாறைச் சுவர், மங்கலாக ஒரு விளக்கு. சிக்னல் கிடைக்காமல் குகைக்குள் நிறுத்தியிருக்கிறார்கள் என்று நினைத்து நான்கு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம். ரயில் மறுபடி நகர்ந்தது. குகை முடிந்ததும் கண் கூசுகிற வெயில், மஞ்சளும் ரோஜா நிறமுமாக வீடுகள், நடைமேடை முழுக்க ஜனம், நடுவில் 'வெர்னாட்ஸா' என்று பலகை. அது கண்ணில் பட்டு மறைவதற்குள் அடுத்த குகை வந்துவிட்டது.

"ஏங்கண்ணு, நாம எறங்கற ஊரு அதுதானே?" என்றார் அத்தை.

அதேதான். அடுத்த ஊரான மொந்தெரோஸ்ஸோவில் இறங்கி, எதிர்ப்பக்க நடைமேடைக்குப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போய், திரும்பும் ரயிலைப் பிடித்தோம். வெர்னாட்ஸா நிலையம் இரண்டு குகைகளுக்கு நடுவே செருகி வைத்தது போல இருக்கிறது. நீளமான ரயில் வந்தால் பாதிப் பெட்டிகள் குகைக்குள்ளேயே நிற்கும். அங்கேயும் நடைமேடை உண்டு, குறுகலாக. கதவு தானாகத் திறக்காது, பொத்தானை அமுக்க வேண்டும். லா ஸ்பெட்சியா நகரத்துப் பக்கமிருந்து வருகிறவர்கள் முன்பக்கப் பெட்டிகளில் ஏறிக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியம், முந்தைய ஊரான கொர்னீலியா தாண்டியதுமே எழுந்து கதவருகே போய் நின்றுவிடுங்கள்.

இத்தாலியின் வடமேற்கே லிகூரியாக் கடற்கரையில், செங்குத்தான மலைக்கும் கடலுக்கும் நடுவில் ஐந்து ஊர்கள். ரியோமஜ்ஜோரே, மனரோலா, கொர்னீலியா, வெர்னாட்ஸா, மொந்தெரோஸ்ஸோ. ஐந்தையும் சேர்த்துச் சிங்க்வே தெர்ரே என்கிறார்கள், அதாவது ஐந்து நிலங்கள். 1874-இல் ரயில் பாதை போடும்வரை படகையும் கழுதைப் பாதையையும் விட்டால் இங்கே வந்து சேர வேறு வழி அதிகம் இல்லை. 1997-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது, 1999-இல் தேசியப் பூங்கா ஆனது. இன்றும் காரோடு போக ஏற்ற இடமல்ல. லா ஸ்பெட்சியாவிலோ லெவாந்தோவிலோ வண்டியை விட்டுவிட்டு ரயில் ஏறுவதுதான் புத்திசாலித்தனம். கோடையில் கால் மணி, இருபது நிமிஷத்துக்கு ஒரு ரயில் இருக்கிறது. ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு நான்கைந்து நிமிஷம்கூட ஆகாது.

நாங்கள் ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறோம். போன கோடையில் அத்தை கோபியிலிருந்து மூன்று மாதம் தங்க வந்திருந்தார். எழுபதை நெருங்கிய வயது, ஆனால் இன்றைக்கும் காட்டு வேலைக்குப் போகிற உடம்பு. "கடல் பாக்கலாம், மலையும் பாக்கலாம்னா ஒரே எடத்துல பாத்துட்டு வந்தர்லாம்" என்று அவரே சொன்னதால் இந்த ஊரைத் தேர்ந்தெடுத்தோம். ஜூன் கடைசி வாரம், மூன்று இரவுகள்.

தங்கும் இடம் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நிறையப் பேர் சறுக்குவது அங்கேதான். நாங்கள் பதிவு செய்த வீட்டின் விளம்பரத்தில் 'நிலையத்திலிருந்து ஐந்து நிமிடம்' என்று இருந்தது. உண்மைதான், ஆனால் அதில் மூன்று நிமிடம் படிக்கட்டு. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டிய சந்து. அந்த ஊர்க்காரர்கள் அதைக் கர்ருஜ்ஜோ என்கிறார்கள். அதற்குள் வளைந்து வளைந்து ஏறும் கல் படிகள். மகன் எண்ணிக்கொண்டே வந்தான், நூற்றுப் பன்னிரண்டு. இருபது கிலோ பெட்டியை என் கணவர் தோளில் சுமந்து ஏறினார். பதிவு செய்வதற்கு முன் வீட்டுக்காரரிடம் நேரடியாகக் கேளுங்கள்: நிலையத்திலிருந்து உங்கள் வாசல்வரை எத்தனை படி? ஏசி உண்டா? பழைய கல் வீடுகளில் பல இடங்களில் ஏசி கிடையாது, கோடை இரவுகளில் புழுங்கும். பெரிய பெட்டியை லா ஸ்பெட்சியாவிலேயே சாமான் வைக்கும் இடத்தில் விட்டுவிட்டு, மூன்று நாள் துணியை முதுகுப்பையில் எடுத்து வந்திருக்கலாம். அடுத்த முறை அப்படித்தான் செய்வேன்.

முட்டிவலி உள்ளவர்களோடு வந்தால் மொந்தெரோஸ்ஸோவில் தங்குங்கள். ஐந்தில் ஓரளவு சமதரையும் நல்ல மணற்கரையும் உள்ள ஊர் அது ஒன்றுதான். கொர்னீலியா இதற்கு நேர் எதிர். கடலிலிருந்து நூறு மீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது. நிலையத்திலிருந்து ஊருக்கு ஏற 380-க்கும் மேற்பட்ட படிகள், இல்லாவிட்டால் சின்னப் பேருந்து. ரயிலும் நடைபாதையும் சேர்ந்த நாள் அட்டை ஒன்று விற்கிறார்கள். அதை வாங்கியிருந்தால் அந்தப் பேருந்துக்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டியதில்லை. முதல் நாள் நாங்கள் நிலையத்தைத் தவறவிட்டு முன்னும் பின்னும் அலைந்தபோதும் அந்த அட்டைதான் காப்பாற்றியது. நெரிசலான நாட்களில் அட்டையின் விலை கூடும், அதனால் தேதி வாரியாகப் பார்த்து வாங்குங்கள்.

முதல் நாள் பகல் எனக்கு வருத்தமாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. காலை பத்து மணிக்கு மேல் ரயில் ரயிலாக வந்து இறங்குகிறார்கள். லா ஸ்பெட்சியா துறைமுகத்துக்குக் கப்பலில் வரும் கூட்டம் வேறு, கொடி பிடித்த வழிகாட்டி முன்னால் போக, ஐம்பது ஐம்பது பேராகப் பின்னால். நிலையத்திலிருந்து துறைமுகத்துக்கு இறங்கும் ஒரே தெருவில் நடக்கவே முடியவில்லை. நிலையாகக் குடியிருப்பவர்கள் ஆயிரம் பேர்கூட இல்லாத ஊர் இது. அவர்கள் வீட்டு வாசற்படியில்தான் நாமெல்லாரும் உட்கார்ந்து ஐஸ்க்ரீம் சாப்பிடுகிறோம். தள்ளுவண்டியில் தண்ணீர்க் கேன்களோடு வந்த ஒருவர் "பெர்மெஸ்ஸோ, பெர்மெஸ்ஸோ" என்று சொல்லிச் சொல்லியே தெருவைக் கடந்தார். வழி விடுங்கள் என்று பொருள். அந்தச் சொல்லை முதலில் கற்றுக்கொண்டேன்.

பகல் பதினொன்றிலிருந்து ஐந்து வரை என்ன செய்யலாம்? எங்களுக்கு இரண்டு வழிகள் ஒத்துவந்தன. ஒன்று, துறைமுகத்தின் ஓரத்தில் கடலைத் தொட்டுக்கொண்டு நிற்கும் சாந்தா மார்கெரீத்தா தேவாலயம். 1318-ஆம் ஆண்டு ஆவணத்திலேயே பெயர் வருகிற பழைய கட்டடம். எண்கோணக் கோபுரம், உள்ளே கருத்த கல் தூண்கள், ஜன்னல் வழியாக அலையின் சத்தம். வெளியே முப்பத்திரண்டு டிகிரி கொதிக்கும்போது உள்ளே ஜில்லென்று இருக்கும். அத்தை கண்ணை மூடி ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். தோளும் முழங்காலும் மூடிய உடையில் போக வேண்டும், புடவைக்கு அந்தக் கவலை இல்லை.

இன்னொன்று கடல். துறைமுகத்துக்குள்ளேயே சின்ன மணல்திட்டு உண்டு, குழந்தைகள் விளையாடப் போதும். ஊர்த் தெருவின் ஒரு பக்கம் பாறையில் ஒரு பொந்து இருக்கிறது. அதற்குள் குனிந்து போனால் மறுபக்கம் கூழாங்கல் கடற்கரை. கல் சூட்டில் வெறுங்காலை வைக்க முடியாது, தண்ணீருக்குள்ளும் வழுக்கும். தண்ணீரில் போடும் ரப்பர் ஷூவை உங்கள் ஊரிலேயே வாங்கி எடுத்துப் போங்கள், அங்கே விலை இரண்டு மடங்கு. மலையிலிருந்து கல் விழலாம் என்று எச்சரிக்கைப் பலகை இருந்தது. நிழலுக்காகப் பலர் பாறை அடியிலேயே துண்டு விரித்திருந்தார்கள். நாங்கள் தண்ணீர் ஓரமாக உட்கார்ந்து குடையை மாற்றி மாற்றிப் பிடித்தோம்.

இந்தக் கடற்கரை எப்படி வந்தது என்று வீட்டுக்கார அம்மாவிடம் அன்று இரவு கேட்டேன். முன்பு இங்கே கரையே இல்லையாம். 2011 அக்டோபர் 25-ஆம் தேதி பெய்த பேய்மழையில் மலை சரிந்து, சேறும் கல்லும் ஊருக்குள் இறங்கின. மலையில் பிறக்கும் ஓடை இந்த ஊர்த் தெருவுக்கு அடியில்தான் ஓடுகிறது. அது அடைத்துக்கொள்ள, தெருவே ஆறாகிவிட்டது. ஏறத்தாழ நான்கு மீட்டர் உயரத்துக்குச் சேறு. கீழ்த்தளக் கடைகள் எல்லாம் மூடிப்போயின. வெர்னாட்ஸாவில் மூன்று பேர் இறந்தார்கள். கடலுக்குப் போன மண்ணும் கல்லும் சேர்ந்து உண்டானதுதான் நாங்கள் குளித்த கரை. அந்த அம்மா பேச்சை நிறுத்திவிட்டு எழுந்து போய், தெருவைப் பார்த்த கதவின் மேல்நிலைக்கு மேலே கையை உயர்த்திக் காட்டினார். கை எட்டிய இடத்துக்கும் மேலே என்று தலையை அசைத்தார்.

மறுநாள் காலை ஆறரைக்கு அத்தையும் நானும் கொர்னீலியா போகும் பாதையில் ஏறினோம். ஊரின் புகழ்பெற்ற தோற்றம், அதாவது கோட்டைக் கோபுரமும் துறைமுகமும் வண்ண வீடுகளும் ஒன்றாகத் தெரியும் காட்சி, பத்து நிமிஷ ஏற்றத்திலேயே கிடைத்துவிடும். அந்த நேரத்தில் ஒரு ஆளும் இல்லை. இந்தப் பாதைகளுக்கும் அட்டை வேண்டும். பிடிமானமில்லாத செருப்போடு ஏறினால் அபராதம் போடுகிறார்கள். அது சரியான விதிதான், சில இடங்களில் ஒரு பக்கம் கைப்பிடியே இல்லை. ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், தொப்பி, ஏழு மணிக்கு முன் புறப்பாடு. கோடையில் பத்து மணிக்கு மேல் ஏறுகிறவர்களைப் பார்த்தால் எனக்கே பயமாக இருந்தது.

அத்தை காட்சியைப் பார்த்தது கொஞ்ச நேரம்தான். பிறகு அவர் பார்த்ததெல்லாம் சுவர்கள். மலை முழுக்கப் படிப்படியாக வெட்டிய திராட்சைத் தோட்டங்கள். ஒவ்வொரு படியையும் தாங்கி ஒரு கல்கட்டு. சிமெண்ட் இல்லை, சுண்ணாம்பு இல்லை, கல்மேல் கல். பாதையை ஒட்டி ஓரிடத்தில் கட்டு பிதுங்கிச் சரிந்திருந்தது. ஒரு பெரியவர் அதைச் சரிசெய்துகொண்டிருந்தார். நாங்கள் நின்றுவிட்டோம்.

அவர் ஒரு கல்லை எடுத்து இடத்தில் வைத்துப் பார்த்தார். ஆடியது. திருப்பி வைத்தார், மறுபடி ஆடியது. சுத்தியலால் ஓரத்தில் ஒரே தட்டு, ஒரு சில்லு தெறித்தது. மூன்றாவது முறை வைத்து உள்ளங்கையால் அழுத்தினார், அசையவில்லை. அப்புறம் முகப்புக் கல்லுக்குப் பின்னால், மண்ணுக்கும் கல்லுக்கும் நடுவில், உள்ளங்கை அளவுச் சில்லுகளை ஒவ்வொன்றாகக் கையால் அடைத்தார். அந்தச் சில்லு வேலைக்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொண்டார்.

"பாத்தியா கண்ணு, பின்னாடி சில்லு போடறதுதான் சூட்சுமம்" என்றார் அத்தை. "எங்கப்பன் கெணத்துக்கு இப்படித்தான் கட்டுனாரு. சுண்ணாம்பு பூசுனா தண்ணி வெளிய வர வழியில்லாம முட்டித் தள்ளிரும். இப்படிக் கட்டுனா கசிஞ்சு போயிரும், கட்டு நிக்கும்."

அத்தை சொன்னதுதான் இந்த மலையின் கணக்கு. கட்டு நன்றாக இருந்தால் மழைத்தண்ணீர் படிப்படியாக வடிந்து இறங்கும். ஒரு கட்டு சரிந்தால் தண்ணீர் அந்த வாயில் ஒன்றாகச் சேர்ந்து மண்ணை அறுக்கும், கீழே இருக்கும் கட்டும் போகும். லா ஸ்பெட்சியாவின் கடற்படைத் தளத்தில் கூலி கிடைக்க ஆரம்பித்ததிலிருந்தே ஆட்கள் தோட்டத்தை விட்டு இறங்கத் தொடங்கிவிட்டார்கள். பிறகு சுற்றுலா வந்தது, தோட்டத்தைவிட அறை வாடகையில் வருமானம் கூடியது. கைவிட்ட படிகளில் முட்செடி மண்டிக் கட்டுகள் சரிகின்றன. 2011-இல் இறங்கிய சேற்றுக்கு மழை மட்டும் காரணமில்லை, கவனிப்பாரற்ற இந்த மலைச்சரிவும் ஒரு காரணம். சாந்தில்லாமல் கல்கட்டும் இந்தக் கைவேலையை இத்தாலி உட்பட எட்டு நாடுகளின் மரபாக யுனெஸ்கோ 2018-இல் பட்டியலிட்டிருக்கிறது. பட்டியல் நல்லதுதான், ஆனால் குனிந்து கல் எடுக்க ஆள் வேண்டும். அன்று நாங்கள் கண்ட பெரியவருக்கு எப்படியும் எழுபது வயது.

கீழே வந்ததும் நான் செய்த முதல் காரியம் அந்த மலைத் திராட்சையில் செய்த ஷக்கெத்ரா ஒரு சின்னப் புட்டி வாங்கியது. உலர வைத்த திராட்சையில் செய்யும் இனிப்பு ஒயின், விலை அதிகம். ஒற்றைத் தண்டவாளத்தில் ஊரும் ஒரு குட்டி வண்டியைத் தவிர எல்லாமே கைவேலை என்று கண்ணால் பார்த்த பிறகு அந்த விலையில் எனக்குக் குறை தெரியவில்லை. ஃப்ரிட்ஜில் ஒட்டும் காந்தப் பொம்மைக்குப் பதிலாக இதையோ, மொந்தெரோஸ்ஸோவின் உப்பிட்ட நெத்திலியையோ வாங்குங்கள். அந்தக் காசு மலைக்கும் கடலுக்கும் போய்ச் சேரும்.

சாப்பாடு. அத்தை சைவம். இந்தப் பகுதி பெஸ்தோ என்ற பச்சைச் சட்னிக்குப் பேர் போனது. துளசிக்கு உறவான பேசில் இலை, பைன் கொட்டை, பூண்டு, ஆலிவ் எண்ணெய், கூடவே பர்மிஜானோ பாலாடைக்கட்டி. அந்தப் பாலாடைக்கட்டியைக் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருளை ஊற்றித்தான் உறைய வைக்கிறார்கள். கண்டிப்பான சைவக்காரர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். அத்தையிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன், அவர் வேண்டாம் என்றுவிட்டார். 'சென்ஸா ஃபொர்மாஜ்ஜோ', பாலாடைக்கட்டி இல்லாமல் என்று சொல்லித் தக்காளிப் பாஸ்தா வாங்கிக்கொண்டோம். எங்களுக்குப் பெஸ்தோ பாஸ்தா உருளைக்கிழங்கும் பீன்ஸும் போட்டு வந்தது, இங்கே அதுதான் வழக்கம்.

அத்தைக்குப் பிடித்துப்போனது ஃபரினாத்தா. கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு, அவ்வளவுதான். பெரிய வட்டத் தட்டில் ஊற்றி அடுப்பில் சுடுகிறார்கள். மேலே மொறுமொறுப்பு, உள்ளே மெத்தென்று. மொந்தெரோஸ்ஸோவில் ஒரு கடையில் காகிதத்தில் சுற்றிக் கொடுத்ததை நின்றுகொண்டே மூன்று துண்டு சாப்பிட்டார். ஃபொகாச்சா ரொட்டியும் கைகொடுக்கும், மேலே மீன் இல்லையா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். மதியச் சாப்பாடு இரண்டரைக்கெல்லாம் முடிந்துவிடும், இரவு ஏழு ஏழரைக்கு முன் அடுப்பு பற்றாது. குழந்தைகளோடு போகிறவர்கள் நடுவில் கையில் ஏதாவது வைத்துக்கொள்ள வேண்டும். உட்கார்ந்து சாப்பிட்டால் பில்லில் 'கொபெர்த்தோ' என்று ஆளுக்கு இரண்டு மூன்று யூரோ இருக்கும். அது ஏமாற்று இல்லை, மேசைக்கான காசு. காபியை நின்றுகொண்டே குடித்தால் விலை குறைவு. தெருக்குழாய்த் தண்ணீர் நல்ல தண்ணீர், பாட்டிலை நிரப்பிக்கொள்ளலாம்.

ஆறு மணிக்கு மேல் ரயில்கள் கூட்டத்தை அள்ளிக்கொண்டு போய்விடும். அப்போதுதான் ஊர் தெரியும். கடைக்காரர்கள் வாசலைக் கழுவுவார்கள், பையன்கள் துறைமுகத்தின் தடுப்புக் கற்களிலிருந்து கடலில் குதிப்பார்கள், தெரு ஓரப் பெஞ்சுகளில் பாட்டிகள் வந்து உட்காருவார்கள். இரண்டாம் நாள் மாலை அத்தையும் அங்கே போய் உட்கார்ந்துவிட்டார். ஒரு பாட்டி அத்தையின் சுங்குடிப் புடவை முந்தானையைத் தொட்டுப் பார்த்து, புள்ளிகளை விரலால் எண்ணினார். அத்தை ஒரு ஓரத்தை முடிந்து காட்டி, இப்படி முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்குவார்கள் என்று கையாலேயே விளக்கினார். பேச்சு கொங்குத் தமிழிலும் இத்தாலியனிலும் அரை மணி நேரம் ஓடியது. ஒன்பது மணிக்கு மேல்தான் இருட்டியது. பகல் மட்டும் வந்து போகிறவர்களுக்கு இந்த மூன்று மணி நேரம் கிடைப்பதே இல்லை. வாடகை கூடுதல் என்றாலும் குறைந்தது இரண்டு இரவாவது அங்கேயே தங்குங்கள். ஐந்து ஊர்களையும் ஒரே நாளில் பார்த்தே ஆக வேண்டும் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். நாங்கள் ரியோமஜ்ஜோரே பக்கம் போகவே இல்லை, எங்களுக்கு அது குறையாகத் தோன்றவில்லை.

அத்தை ஆகஸ்டில் ஊருக்குத் திரும்பினார். ஐப்பசி பிறந்து கோபியில் நல்ல மழை பிடித்த ஒரு நாள் ஃபோன் செய்தார். வாய்க்காலில் தண்ணீர் எவ்வளவு போகிறது, எந்த வயலில் நடவு முடிந்தது என்றெல்லாம் சொல்லிவிட்டு, "ஏங்கண்ணு, அந்தக் கல்கட்டு ஊர்ல மழை எப்படி? உன்ற ஃபோன்ல பாத்துச் சொல்லு" என்றார்.

பார்த்தேன். வெர்னாட்ஸாவில் இரவு முழுக்கத் தூறல், காலையில் வெயில் என்று போட்டிருந்தது.

"தூறல்தானுங்க அத்தை."

"தூறல்னா செரி" என்றார். "கட்டு தாங்கும்."